தென்னமரமும் ஒரு பிரெஞ்சுப் புதினமும்

சிலாங்கூர் ஆறு கோல சிலாங்கூரில் கடலை அடையுமுன் பத்தாங் பெர்ஜுந்தையைச் சூழ்ந்த தாழ்நிலங்களில் வளைந்து வளைந்து செல்கின்றது. அவ்வூருக்கு 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்பது பெயர். அவ்வட்டாரத்தில் 1917-ஆம் ஆண்டு ஒரு தோட்டத்தில் செம்பனை நடப்பட்டது. இந்நாட்டில் வணிக நோக்கோடு அமைந்த முதற் செம்பனைத் தோட்டம் அதுவே. அதன் பெயர் தென்னமரம்.

அப்பெயர் மலாய் அன்று, ஆங்கிலம் அன்று, தோட்டத்தைத் தோற்றுவித்தவர்களின் பிரெஞ்சு மொழியும் அன்று. ஏட்டில் ‘தென்னை மரம்’ என்று எழுதுவதை நம் மக்கள் பேச்சில் எவ்வாறு ஒலிக்கின்றனரோ அவ்வாறே ஆங்கில எழுத்தில் பதிந்த தமிழ்ச் சொல் அது. நிலத்திற்கு மரத்தாலும் மலராலும் பெயரிடுவது தமிழர்க்குப் புதிதன்று. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்னும் ஐந்திணைப் பெயர்களும் அவ்வழி வந்தவையே. ஆயின், செம்பனைக்குப் புகழ்பெற்ற தோட்டம் தென்னையின் பெயரால் வழங்குவது வியப்புக்குரியது. அதனினும் வியப்பு, இத்தோட்டத்தின் தோற்றத்தோடு தொடர்புடைய ஒருவர் பிரெஞ்சு மொழியின் மிகப்பெரும் இலக்கியப் பரிசைப் பெற்ற புதின ஆசிரியராகவும் விளங்கினார் என்பது. அவர் ஆன்றி ஃபொக்கோனியே.

நம் தோட்டங்களின் வரலாற்றைத் தேடுவோர் பெரும்பாலும் நிறுவனக் கணக்கேடுகளையும் அரசாங்க அறிக்கைகளையுமே நாடுவர். அவற்றில் ஏக்கர்களும் இறாத்தல்களும் உண்டு, மனிதர் குறைவு. ஃபொக்கோனியே எழுதிய புதினத்தில் மனிதர் உண்டு. அம்மனிதருள் தமிழர் எவ்விடத்தில் நிற்கின்றனர் என்பதே தமிழாசிரியர்கள் கேட்கவேண்டிய கேள்வி.

பார்பசியூ முதல் ரந்தாவ் பாஞ்சாங் வரை

ஃபொக்கோனியே 1879 பிப்ரவரி 26-இல் பிரான்சு நாட்டின் தென்மேற்கே, சாரந்து மாவட்டத்தைச் சேர்ந்த பார்பசியூ என்னும் சிற்றூரில் பிறந்தார். கொன்யாக் மது வடிக்கும் தொழில் நடத்திய குடும்பம் அது. அக்குடும்பத்தில் இசையும் நூலும் போற்றப்பட்டன. பிற்காலத்தில் ஜாக் ஷார்தோன் என்னும் புனைபெயரில் புகழ்பெற்ற எழுத்தாளர் அவருடைய இளமைத் தோழர். அவருடைய தங்கை ஜெனவியேவும் புதினம் எழுதி 1933-இல் ஃபெமினா பரிசு பெற்றார். ஒரு வயிற்றிற் பிறந்த இருவர் மூன்றாண்டு இடைவெளியில் இரு பெரும் பரிசுகளைப் பெற்றது அரிய நிகழ்ச்சியாகும்.

1901-இல் தந்தை இறந்தார். குடும்பப் பொறுப்பு மூத்தவரான ஆன்றியின் தோளில் விழுந்தது. அவர் சிறிது காலம் இங்கிலாந்தில் ஒரு பள்ளியில் பிரெஞ்சும் இசையும் கற்பித்தார். எழுத வேண்டும் என்னும் ஆவல் உள்ளத்தில் இருந்தது; ஆனால் எழுதுவோர்க்கு ஓய்வு வேண்டும், ஓய்வுக்குப் பொருள் வேண்டும். முதலில் பொருளீட்டுவது, பிறகு எழுதுவது என்று அவர் திட்டமிட்டார். போர்னியோவில் சேகோ பயிரிட்டால் செல்வம் சேரும் என்று படித்த செய்தியை நம்பி 1905-இல் கப்பலேறினார். சிங்கப்பூரை அடைந்ததும், சேகோவைவிட மலாயாவின் ரப்பரே பயன் தருவது என்பதை அறிந்து வழியை மாற்றிக்கொண்டார்.

அவர் வந்த காலம் ரப்பரின் பொற்காலத்திற்கு முந்திய விடியற்பொழுது. 1876-இல் பிரேசிலிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்ற விதைகளின் வழிவந்த கன்றுகள் 1877-இல் சிங்கப்பூரை அடைந்தன. மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை ரிட்லி கண்டறிந்து பரப்பினார். மோட்டார் வண்டிகள் பெருகியதால் ரப்பர் விலை ஏறி 1910-இல் உச்சத்தைத் தொட்டது. சரியான வேளையில் நிலம் பெற்றவர் செல்வரானார்.

ஃபொக்கோனியே முதலில் ஒரு தோட்டத்தில் தங்கித் தொழில் பழகினார். அங்கேயே மலாயும் தமிழும் கற்றார். பின்னர்ச் சிலாங்கூர் ஆற்றின் பக்கம் ரந்தாவ் பாஞ்சாங் என்னுமிடத்தில் நிலம் பெற்று 1906-இல் குடியேறினார். ஆற்றின் நீண்ட நீட்சி என்பது அவ்வூர்ப் பெயரின் பொருள். காட்டின் நடுவே அவர் அமைத்த வீட்டுக்குப் ‘பனைகளின் மனை’ என்று பெயரிட்டார். சொந்த ஊர் நண்பர்களின் முதலும், பின்னர்ப் பெல்சிய நாட்டு முதலீட்டாளர் அத்ரியான் ஆலேயின் துணையும் சேர, தோட்டம் நிறுவனமாக வளர்ந்தது.

ஒரு சாலையின் அழகுக்கு வந்த விதை

செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவின் மரம். 1848-இல் சாவகத்தின் போகோர்த் தாவரத் தோட்டத்தில் நான்கு கன்றுகள் நடப்பட்டன. அவற்றின் வழித்தோன்றல்கள் சுமத்திராவின் டெலிப் பகுதியில் வேரூன்றின. அவை நெடுங்காலம் அழகு மரங்களாகவே மதிக்கப்பட்டன. அம்மரத்தின் வணிக மதிப்பை ஆலே உணர்ந்து 1911-இல் சுமத்திராவில் பயிர் தொடங்கினார். அவ்வாண்டிலேயே ஃபொக்கோனியே சுமத்திராவிலிருந்து விதைகளை ரந்தாவ் பாஞ்சாங்குக்குக் கொண்டு வந்தார். இங்கும் அவை முதலில் அழகுக்காகவே நடப்பட்டன. அதன் பயனாகவே 1917-இல் தென்னமரம் செம்பனைத் தோட்டமாயிற்று. காப்பி எதிர்பார்த்த பயன் தராமற் போன நிலத்தில் செம்பனை இடம் பிடித்தது.

1917 முதலாம் உலகப் போர் நடந்த ஆண்டு. 1914-இல் போர் மூண்டதும் ஃபொக்கோனியே பிரான்சுக்குத் திரும்பிப் படைவீரராகி, வெர்தன், சோம் போர்க்களங்களின் கொடுமையைக் கண்டவர். ஆதலின், முதல் செம்பனைத் தோட்டத்தைப் பற்றிக் கூறுமிடத்துத் துரை ஒருவரின் பெயரை மட்டும் கூறி நிறுத்துவது முழு வரலாறாகாது. காட்டை வெட்டிச் சாய்த்தவர், எரித்தவர், வடிகால் தோண்டியவர், கன்று சுமந்தவர், குழி பறித்தவர் யாவர்? வேலையாட்களின் பெயர்கள் பரிசுப் பட்டியலில் இல்லை. பெயர்ப் பதிவேட்டில் மட்டும் இருந்தன.

தென்னிந்தியத் தொழிலாளர் இங்கு வந்த முறையை இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவில் 1910-இல் முடிவுற்றது. அதற்குமுன்பே வலுப்பெற்றிருந்த கங்காணி முறையே பின்னர் முதன்மை பெற்றது. கங்காணி தன் ஊருக்குச் சென்று உற்றாரையும் ஊராரையும் அழைத்து வருவான்; தோட்டத்தில் அவர்கள் அவன் கீழே உழைப்பர். 1907-இல் ஏற்பட்ட குடியேற்ற நிதி, தோட்ட முதலாளிகளிடம் தண்டிய தொகையால் கப்பற் செலவை ஏற்றது. தாயகத்திலிருந்து ஆளனுப்பும் இம்முறையை 1938-இல் இந்திய அரசாங்கம் தடுத்தது. தென்னமரத்தில் முதற் கன்று ஊன்றப்பட்ட போது நடைமுறையில் இருந்தது கங்காணி உலகமே. விடியுமுன் பிரட்டுக்களம், பிறகு வெளிக்காடு, மாலையில் லயம் என்பதே அவ்வுலகின் நாட்கணக்கு.

‘மலேசி’ என்னும் புதினம்

போருக்குப் பின்னர் ஃபொக்கோனியே மலாயாவுக்குத் திரும்பித் தோட்டத் தொழிலில் உயர்நிலை அடைந்தார். 1925-இல் துனிசியாவில் குடியமர்ந்தார். பொருள் சேர்த்தபின் எழுதுவது என்னும் பழைய திட்டம் அங்கே நிறைவேறியது. ‘மலேசி’ என்னும் புதினம் 1930-இல் வெளிவந்து அவ்வாண்டின் கொன்கூர் பரிசைப் பெற்றது. அப்போது ஆசிரியருக்கு வயது 51. அடுத்த ஆண்டே ‘மலாயாவின் ஆன்மா’ எனப் பொருள்படும் தலைப்பில் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. பின்னர் 1938-இல் ஒரு கதைத் தொகுதி வெளியிட்டார். அதன்பின் வேறு புதினம் எழுதவில்லை. 1973 ஏப்பிரலில், 94-ஆம் வயதில் பாரிசில் காலமானார்.

புதினத்தில் கதை கூறுபவன் லெஸ்கால். போர்க்களத்தில் தான் சந்தித்த ரொலேன் என்பவனை மலாயாவில் மீண்டும் காண்கின்றான். ரொலேன் தோட்டக்காரன், ஆயினும் வெள்ளையர் மன்றங்களை வெறுத்து ஒதுங்கி வாழ்பவன், ஐரோப்பா தன் அறிவாலேயே தன்னைக் கொன்றுகொண்டது என்று எண்ணுபவன். ஙா, ஸ்மாயில் என்னும் மலாய் உடன்பிறப்பினர் அவனுடைய மனையில் உள்ளனர். மலாய்ப் பந்துன் பாடல்கள் நூல் நெடுக இழையோடுகின்றன. ஸ்மாயிலின் உள்ளத்தில் திரண்ட துயரம் வெறியாக வெடிப்பதில் கதை முடிவை நெருங்குகின்றது.

குடியேற்ற நாட்டைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய கதைகள் பலவற்றில் வெள்ளையன் வீரன், நாட்டு மக்கள் பின்னணித் திரை. ‘மலேசி’ அவ்வகையைச் சேர்ந்ததன்று. இம்மண்ணின் மொழியைக் கற்றவரே எழுதக்கூடிய நுட்பம் அதில் உண்டு. காடு, மழை, கடற்கரை, மனிதரின் மௌனம் ஆகியவற்றை அவர் காட்டும் திறம் பாராட்டத்தக்கது. நிகழ்ச்சியைவிட நினைவோட்டத்திற்கும் உரையாடலுக்கும் முதன்மை தரும் அந்நூல், அக்காலத்துப் புதிய புதின நெறிகளோடு உறவுடையது.

ஆயினும், ஆன்மாவைத் தேடிய அந்நூல் அதை மலாய்ச் சிற்றூரிலும் காட்டிலுமே கண்டது. தமிழர் அதில் வேலைக் கூட்டமாகவே பெரிதும் தோன்றுகின்றனர். தனித்துத் தோன்றும் தமிழருள் குறிப்பிடத்தக்கவள் பழனியாயி. லெஸ்கால் உறவு கொள்ளும் தமிழ்ப் பெண் அவள். அவள் அழகையும் சொல்லையும் நாம் காண்பது துரையின் கண்ணாலேயே. அவள் தன் லயத்துக்குத் திரும்பியபின் என்ன நினைத்தாள், சுற்றத்தார் என்ன கூறினர் என்பவற்றுக்குக் கதை கூறுபவனிடம் விடை இல்லை. தமிழ் கற்ற ஆசிரியரும் தமிழ்ப் பெண்ணின் உள்ளத்திற்குள் கதைசொல்லியை அழைத்துச் செல்லவில்லை.

அவ்விடையை அளித்தது வரலாறு. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, ஆர். எச். நாதன் முன்னின்ற அவ்வியக்கத்தின் கோரிக்கைகளுள் ஊதிய உயர்வு மட்டும் இருக்கவில்லை. தோட்டப் பெண்களிடம் ஐரோப்பியரும் மற்ற மேலாளரும் தகாதவாறு நடப்பது நிற்க வேண்டும், பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும், துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கவேண்டும் என்னும் கட்டாயம் ஒழியவேண்டும் என்பனவும் இருந்தன. அரசாங்கம் நாதனைச் சிறைப்படுத்தி நாடுகடத்தியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். ‘மலேசி’ வெளிவந்து 11 ஆண்டுகளே ஆகியிருந்தன. புதினத்தில் பேசாத பழனியாயியின் இனத்தார் அக்கோரிக்கைத் தாளில் பேசினர்.

1930-ஆம் ஆண்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. உலகப் பொருளாதாரச் சரிவால் ரப்பர் விலை வீழ்ந்தது. அவ்வாண்டிலும் அடுத்த சில ஆண்டுகளிலும் ஓரிலட்சத்திற்கும் மேற்பட்ட தென்னிந்தியத் தொழிலாளர் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். பாரிசில் மலாயாத் தோட்டக் கதைக்குப் பரிசு சூட்டிய காலமும், அத்தோட்டங்களை ஆக்கியவர் மூட்டையோடு கப்பலேறிய காலமும் ஒன்றே.

மிசிசிப்பியிலிருந்து ஓர் ஒப்புமை

‘மலேசி’ வெளிவந்த 1930-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வில்லியம் ஃபாக்னர் ஒரு புதினம் வெளியிட்டார். தாயின் உடலை அடக்கம் செய்யச் செல்லும் ஏழைக் குடும்பத்தின் கதை அது. கதையைப் பலர் மாறி மாறிக் கூறுகின்றனர். இறந்தவளும் ஓரிடத்தில் பேசுகின்றாள். 1897-இல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்து, 1949-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்ற ஃபாக்னர், புதினத்தின் வடிவத்தையே மாற்றியவர். தம் ஊர்ப்புறத்தையே யோக்னபதாபா என்னும் கற்பனை மாவட்டமாக்கி, அதைப் பற்றியே நூல் பல எழுதினார்.

அவருடைய உலகமும் தோட்ட உலகமே. பயிர் பருத்தி, உழைத்தவர் ஆப்பிரிக்க அடிமைகளும் அவர்தம் வழியினரும். 1936-இல் அவர் வெளியிட்ட புதினத்தில் சட்பன் என்பவன் காட்டை அழித்து, அடிமைகளின் உழைப்பால் பெருந்தோட்டமும் மாளிகையும் எழுப்புகின்றான். தன் குருதியிற் பிறந்த மகனையே நிறம் கருதி ஏற்க மறுக்கின்றான். அம்மறுப்பே மனையை வீழ்த்துகின்றது. தோட்டத்தின் செல்வத்துக்குக் கீழே புதைந்த அநீதி தலைமுறை கடந்தும் எழுந்து வரும் என்பது ஃபாக்னர் கண்ட உண்மை.

ஃபொக்கோனியே காட்டை வெட்டித் தோட்டம் கண்டவர். பின்னர் அத்தோட்டத்தை விட்டு நீங்கி எழுதியவர். ஃபாக்னரோ தோட்டக்காரரின் வழிவந்தவர்களோடும் அடிமைகளின் வழிவந்தவர்களோடும் ஒரே ஊரில் வாழ்ந்து எழுதியவர். முன்னவர் நூலில் வியப்பும் அன்பும் மிகுதி. பின்னவர் நூல்களில் பழியுணர்வு மிகுதி. வந்துபோகிறவர் நிலத்தின் அழகைக் காண்கின்றார். அங்கேயே வாழ்கிறவர் அதன் கடனையும் காண்கின்றார். எனினும் ஃபாக்னரும் வெள்ளையரே. கறுப்பு மக்களின் உள்ளத்தை உள்ளிருந்து எழுத அவர்களுள்ளிருந்தே எழுத்தாளர் தோன்ற வேண்டியிருந்தது, தோன்றினர். நம் தோட்டங்களுக்கும் இதுவே வழி.

நம்மவர் எழுத்து

அவ்வழி தொடங்கப் பெற்றதும் தென்னமரத்தின் காலத்திலேயே என்பது மகிழ்ச்சிக்குரியது. மலாயாவில் தோன்றிய முதல் தமிழ்ப் புதினமாக ஆய்வாளர் குறிப்பது வெங்கடரத்தினம் எழுதிய ‘கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி’. அது வெளிவந்த ஆண்டும் 1917. செம்பனையும் தமிழ்ப் புதினமும் இம்மண்ணில் ஒரே ஆண்டில் ஊன்றப்பட்டன எனலாம்.

செம்பனை விரைந்து காய்த்தது. புதினம் வளரக் காலம் எடுத்தது. எழுத்துக்கு முன் எழுத்தறிவு வேண்டும். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பதின்மர் இருக்கும் தோட்டம் பள்ளி வைக்கவேண்டும் என்றது. பல இடங்களில் அப்பள்ளி ஒரு கொட்டகையாகவும் ஆசிரியர் ஒரு கிராணியாகவும் இருந்ததுண்டு. ஆயினும் அங்கே அரிச்சுவடி படித்தவரே 1924-இல் தோன்றிய தமிழ் நேசனுக்கும் 1935-இல் தோன்றிய தமிழ் முரசுக்கும் வாசகராயினர். வாசகரிலிருந்தே எழுத்தாளர் எழுந்தனர்.

இன்னுமொரு சான்று. ஃபொக்கோனியேக்குப் பின் மலாயாத் தோட்டத்தில் பணியாற்றிய மற்றொரு பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல். 1936-இல் இங்கு வந்தவர். 1952-இல் அவர் எழுதிய குவாய் ஆற்றுப் பாலக் கதை உலகப் புகழ் பெற்றது. 1942-43-இல் சப்பானியர் அமைத்த சயாம்–பர்மா இரயில் பாதையே அதன் களம். ஆனால் கதையின் நடுவே நிற்பவர் ஆங்கிலப் போர்க்கைதிகள். அப்பாதையில் மாண்ட தமிழ்த் தோட்டத் தொழிலாளர்க்கு அங்கே இடமில்லை. அவ்விடத்தை நிரப்பியவர் நம்மவர். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ 1993-இல் வந்தது; அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ 2005-இல் வந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்துசென்ற அகிலனும் 1970-களில் ‘பால்மரக் காட்டினிலே’ எழுதித் தோட்ட வாழ்வைத் தமிழுலகுக்கு அறிவித்தார்.

பால்மரத்திற்குக் கிடைத்த எழுத்து செம்பனைக்கு இன்னும் போதிய அளவில் கிடைக்கவில்லை. செம்பனைத் தோட்டத்தின் வேலை முறையே வேறு. முட்கள் நிறைந்த மட்டையை அறுத்து, கனத்த குலையை வீழ்த்தி, உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி, ஆலைக்கு விரைந்து அனுப்பவேண்டும். தாமதித்தால் எண்ணெயின் தரம் கெடும். 1981-இல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கூன்வண்டினம் கொண்டுவரப்படும்வரை, மகரந்தத்தைப் பூங்கொத்துகளில் தூவிய வேலை மனிதக் கைகளால் நடந்தது. அக்கைகளுள் தோட்டப் பெண்களின் கைகள் பல. இன்று வண்டு செய்வதை அன்று பெண்கள் செய்தனர் என்பது இக்கால மாணவர்க்குக் கதை போலத் தோன்றும். நாட்டின் செல்வத்தைப் பெருக்கிய இவ்வேலையைப் பற்றி அவர்கள் பாடநூலில் ஒரு பத்தியேனும் படிக்க வேண்டாவா?

வட சிலாங்கூரின் தோட்டங்கள் மாறிவிட்டன. லயங்கள் பல காலியாயின. குடும்பங்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தன. செம்பனைக் காட்டில் இப்போது உழைப்பவருள் அயல்நாட்டவர் மிகுதி. துரைமாரின் ஆவணங்கள் ஐரோப்பாவில் காக்கப்படும். கூலிக்காரரின் ஆவணமோ பெரியவர்களின் நினைவு ஒன்றே. அதற்குப் பூட்டிய பேழையும் இல்லை, படியும் இல்லை.

ஆதலின் தமிழாசிரியர் செய்யத்தக்க பணி எளிது, அவசரமும் கூட. தோட்டத்தின் அரசாங்கப் பெயரோடு மக்கள் வழங்கிய தமிழ்ப் பெயரையும் மாணவர் குறித்துக்கொள்ளட்டும். எந்த ஊரிலிருந்து, எந்தக் கங்காணியின் கீழ் வந்தனர் என்பதைத் தம் பாட்டியாரிடம் கேட்டு எழுதட்டும். வேலைக் கருவிகளின் பெயர், பிரட்டுக்களத்தின் வழக்கு, கோவில் எழுந்த கதை ஆகியவற்றைக் கட்டுரை ஏட்டில் சேர்க்கட்டும். ‘மலேசி’யையும் படிக்கட்டும். பழிப்பதற்காக அன்று, அதில் உள்ளதை மதிக்கவும், இல்லாததை எழுதவும்.

ஃபொக்கோனியே கொண்டுவந்த விதை இந்நாட்டின் நிலத்தையே மாற்றியது. அந்நிலத்துக்கு வாய்த்த பெயரோ அதில் உழைத்தவரின் மொழியிலேயே இன்றும் நிற்கின்றது. தென்னமரம் என்னும் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னுள்ள வாழ்வை முழுமையாக எழுதவேண்டியவர், அச்சொல்லைத் தாய்மொழியாகப் பேசுவோரே.